பின்வளவுக்கு ஒரு சிறு பந்தல்

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் எனது தாயாருக்கு எண்பது வயது நிறைந்தது. மண்டபம் எடுக்க வேண்டாம், ஊர் கூட்ட வேண்டாம், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்களும் வந்து பின்வளவில் இருந்து ஒரு நேரம் சாப்பிட்டால் போதும் என்று அவர் சொல்லிவிட்டார். எண்ணிப் பார்த்தோம், நாற்பது பேர். நாற்பது பேருக்கு நிழல் வேண்டும். ஆகவே வாடகைக்கு ஒரு பந்தல் எடுக்கும் பொறுப்பு மூத்த மகன் என்ற முறையில் என்னிடம் வந்து சேர்ந்தது.

தேர்தல்களையும் யுத்தத்தையும் இடப்பெயர்வுகளையும் எழுதிவந்த ஒருவன் பந்தல் பற்றிப் பத்தி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக் கூடும். எழுதத்தான் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. ஏனெனில் அந்தப் பத்து நாட்களில் இந்தச் சிறிய விடயத்திற்காக எங்கள் குடும்பத்திற்குள் நடந்த தொலைபேசி உரையாடல்கள், ஒரு காணிப் பிணக்கில் நடப்பவற்றை விடக் குறைவானவையல்ல.

முதலில் வந்தது ரொறன்ரோவில் இருக்கும் தங்கையின் அழைப்பு. "அண்ணை, நல்ல வெள்ளை ரென்ற் ஒண்டு எடுங்கோ. சுத்திவர மூடினது. கதவு மாதிரி வைச்சு, உள்ளுக்குச் சோடிச்சால் படத்துக்கு வடிவா இருக்கும். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ" என்றாள். இரண்டாவதாக வந்தவர் பந்தல்காரர். அவர் வளவைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பதையும் எப்படியோ அறிந்து வைத்திருந்தார். "ஐயா, இருபதுக்கு நாற்பது போடுவம். சின்னனாப் போட்டால் மரியாதையில்லை" என்றார்.

மரியாதைக்கும் சதுர அடிக்கும் உள்ள தொடர்பை நான் நெடுநேரம் சிந்தித்தேன். கூடாரத் தொழிலில் உள்ளவர்கள் பொதுவாகக் கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. கதிரைகளை வரிசையாகப் போட்டு இருப்பதற்கு ஒருவருக்கு ஏறத்தாழ 6 சதுர அடி வேண்டும். மேசை போட்டுச் சாப்பிடுவதற்கு 10 முதல் 12 சதுர அடி வேண்டும். இருபதுக்கு இருபது என்றால் 400 சதுர அடி. நாற்பது பேரும் ஒரே நேரத்தில் மேசையில் இருந்து உண்டாலும் நெருக்கமாகவேனும் அதற்குள் அடங்குவர். எங்கள் வீட்டில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் உண்பது ஒருபோதும் நடந்ததில்லை. சிறுவர்கள் முதற்பந்தி, பெண்கள் கடைசிப்பந்தி என்ற பழைய அநியாயத்தை நாங்கள் கைவிட்டுவிட்டாலும், பாதிப் பேர் கதைத்துக்கொண்டு நிற்க, பாதிப் பேர் உண்பது என்ற வழக்கம் மாறவில்லை. அவ்வாறிருக்க இருபதுக்கு நாற்பது எதற்கு? மிஞ்சும் 400 சதுர அடியில் வெறுங்கதிரைகள்தான் இருக்கும். நாற்பது பேர் வந்த வீட்டை, இருபது பேர் வராமல் விட்ட வீடு போலக் காட்டுவது அந்த வெறுங்கதிரைகளே.

நான் பந்தல்காரரைக் குறை கூறவில்லை. அவர் விற்பது சதுர அடியை. வெளிநாட்டுப் பணம் வரத் தொடங்கிய பின்னர் எங்கள் ஊர்களில் பிறந்தநாளும் சாமத்தியச் சடங்கும் பந்தலின் நீளத்தால் அளக்கப்படுகின்றன என்பது எல்லோரும் அறிந்ததே. அனுப்புகிறவர்கள் படத்தில் பார்க்கிறார்கள். இங்கிருப்பவர்கள் படத்திற்காகப் போடுகிறார்கள். அயலில் வெளிநாட்டு உறவு எதுவும் இல்லாத ஒரு குடும்பமும் அதே நீளத்திற்குப் போட்டு, அந்த வாடகையைப் பல மாதங்கள் கட்டுகிறது. இதைப் பல தடவை பத்திரிகையில் எழுதியிருக்கிறேன். பயன் ஏதும் விளைந்ததாகத் தெரியவில்லை.

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நானே பின்வளவில் இறங்கினேன். அடுக்களைச் சுவரிலிருந்து கிணற்றடி வரை 32 அடி. மேற்குப் பக்கத்தில் கறுத்தக்கொழும்பான் மாமரம். கிழக்கு வேலியோரம் அம்மாவின் கத்தரிக் கன்றுகள். கயிறு இழுத்துக் கட்டும் கூடாரமானால் ஒவ்வொரு பக்கத்திலும் கயிற்றுக்கும் முளைக்குமாக மேலதிகமாக 4, 5 அடி விடவேண்டும். இருபது அடிக் கூடாரத்திற்கு முப்பது அடி நிலம் தேவை என்பதை வாடகைக்கு எடுக்கும் பலர் அன்று காலையில்தான் கண்டுகொள்கிறார்கள். அப்போது ஒரு கயிறு கிணற்றுக் கட்டிலும் இன்னொரு கயிறு அடுக்களை யன்னல் கம்பியிலும் கட்டப்படும். பிள்ளைகள் ஓடும்போது கயிறு தடக்கி விழுவர். மலக்குழி மூடி எங்கே, தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் முளை அறைந்தவர்களின் கதைகளும் உண்டு. அவற்றைச் சாப்பாட்டு நேரத்தில் வாசிப்போரும் இருக்கலாம் என்பதால் தவிர்க்கிறேன்.

யாழ்ப்பாணத்தின் நிலத்திற்கு இன்னொரு குணமும் உண்டு. மேலே சிறிது மண், கீழே சுண்ணக்கல். செம்மண் ஆழமாக உள்ள இடங்களில் முளை பிடிக்கும். எங்கள் வளவில் ஒரு அடிக்குக் கீழே அலவாங்கும் 'ணங்' என்று திரும்பி வரும். கரையோர மணலில் இதற்கு மாறாக முளை சுலபமாக இறங்கும். காற்று வந்தால் அதேயளவு சுலபமாக வெளியே வரும். ஓகஸ்ட் மாதம் சோளகம் வீசும் காலம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் பந்தல் போடும்போது அதை நினைப்பதில்லை. ஆகவே கயிறு வேண்டாம், இரும்புக் குழாய்ச் சட்டத்தில் நிற்கும் கூடாரம் வேண்டும், ஒவ்வொரு மூலைக் காலிலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பரல் ஒன்றைக் கட்ட வேண்டும் என்றேன். 200 லீற்றர் தண்ணீர் 200 கிலோ. பந்தல்காரர் சிரித்தார். "ஐயா, இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். ஒருவரும் கேட்காததுதான் பிரச்சினை என்று பதில் சொன்னேன்.

இந்த எச்சரிக்கை எனக்கு நூல்களிலிருந்து வந்ததல்ல. கொழும்பில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்த காலத்தில், 2013இல், மகளின் பிறந்தநாளுக்குப் பின்முற்றத்தில் ஒரு கூடாரம் போட்டோம். 'சமர் ஹட்' என்று இங்கே சொல்கிறார்களே, கூம்பு முகடு வைத்த பத்துக்குப் பத்து வெள்ளைக் கூடாரம், அதுவல்ல. செலவைக் குறைக்க நினைத்துத் தட்டையான துணிப்பந்தல் ஒன்றை எடுத்தேன். அது ஏப்ரல் மாதம். பிற்பகல் இடிமழை வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். மழை வந்தது. துணியின் நடுவில் தண்ணீர் தேங்கி, கர்ப்பிணிப் பசுவின் வயிறு போலக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நூறு சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் தேங்கினால் ஏறத்தாழ 236 லீற்றர், அதாவது 236 கிலோ, என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். அந்த நேரத்தில் கணக்குப் பார்க்க அவகாசம் இல்லை. கூடாரத்துடன் வந்த இளைஞன் தும்புத்தடியால் கீழிருந்து தள்ளினான். தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து, கேக் வெட்டுவதைப் பார்ப்பதற்கென்று முன்வரிசையில் இருத்தப்பட்ட பெரியப்பாவின் தலையில் முழுவதுமாக இறங்கியது. இரண்டு கால்கள் வளைந்தன. எவருக்கும் காயமில்லை என்பதால் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். பெரியப்பா சிரித்ததில்லை.

அன்றுமுதல் கூரையின் சரிவைப் பார்க்காமல் நான் பந்தல் எடுப்பதில்லை. துணியையும் பார்க்க வேண்டும். காட்டும் படத்தைப் பார்த்துப் பயனில்லை; களஞ்சியத்திற்குப் போய் விரிக்கச் சொல்ல வேண்டும். ஈரத்தோடு மடித்த துணி பூஞ்சண மணம் மணக்கும். வெயிலில் தூக்கிப் பிடித்து அடியில் நின்று பார்த்தால் ஊசிமுனைத் துளைகள் நட்சத்திரம் போலத் தெரியும். நிறமும் முக்கியம். நீலத் தறப்பாளின் கீழ் இருந்து உண்டவர்களுக்குத் தெரியும்: சோறு நீலம், பருப்பு பச்சை, உறவினர் முகமெல்லாம் நோயாளி முகம்.

தகரப் பந்தலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்தில் இன்றும் பெரும்பாலானோர் எடுப்பது அதுவே. காற்றுக்கு நிற்கும், மழைக்கு ஒழுகாது, இரண்டு நாள் நிற்க வேண்டிய செத்தவீட்டிற்கும் கலியாணவீட்டிற்கும் அதுவே ஏற்றது. ஆனால் ஓகஸ்ட் மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு ஏழடி உயரத் தகரத்தின் கீழ் எண்பது வயதுப் பெண்ணை இருத்துவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

"அந்தக் காலத்துக் கிடுகுப் பந்தலுக்கு ஈடாகுமா?" என்று எனது வயதினர் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். குளிர்ச்சியில் ஈடாகாது, உண்மைதான். கமுகும் பனஞ்சிலாகையும் கிடுகும் கொண்டு அயலவர் கூடிப் போட்ட பந்தலின் கீழ் நானும் படுத்துறங்கியிருக்கிறேன். ஆனால் அந்தப் பந்தலின் உட்கூரைக்கு வெள்ளை கட்டியவர் யார்? கூலி கேட்கும் உரிமை இல்லாமல், குடிமைத் தொழில் என்ற பெயரில் அழைக்கப்பட்டு, கட்டிமுடித்த பின் அதே பந்தலுக்குள் சமமாக இருக்க முடியாமல் வெளியே நின்றவர்கள் அவர்கள். பந்தல் வாடகைக் கடை வந்தபின் பற்றுச்சீட்டு எழுதிப் பணம் வாங்குகிறார்கள். இந்த ஒன்றிற்காக மட்டுமே வாடகைத் தகரத்தை நான் மன்னிப்பேன். அத்துடன் ஓலை நெருப்புக்கு உணவு. 2004 ஜனவரியில் தமிழ்நாட்டின் ஸ்ரீரங்கத்தில் கலியாண மண்டபமொன்றின் ஓலைப் பந்தல் தீப்பற்றி மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிட்டு ஏக்கப்படுவது எனக்கு இயலாது. துணிக் கூடாரமும் எரியும் என்பதால் அடுப்பையும் எரிவாயுச் சிலிண்டரையும் பந்தலுக்கு வெளியே, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

ஆக, தகரமும் இல்லை, கிடுகும் இல்லை. எஞ்சியது வெள்ளைக் கூடாரம். தங்கை சொன்னது போலச் சுற்றிவர மூடியது. அதை ஏறத்தாழத் தீர்மானித்தும் விட்டேன். பந்தல்காரர் தனது கைத்தொலைபேசியில் இருந்த படத்தை அம்மாவுக்குக் காட்டினார். அம்மாவுக்குப் பக்கத்தில் சின்னம்மா இருந்தார். முல்லைத்தீவில் வாழ்க்கைப்பட்டு, 2009இல் எல்லாவற்றையும் இழந்து, பல மாதங்கள் செட்டிகுளத்தில் மனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு வந்தவர். அவரும் படத்தை எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பின்னேரம் நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து, "மோனை, நான் அண்டைக்குச் சமையல் பக்கம் நிக்கிறன். அதுக்குள்ள என்னை இருக்கச் சொல்லாதை" என்றார்.

நான் பத்திரிகையாளன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கு நடந்தபோது நானும் நடந்தேன். தறப்பாளையும் பனையோலையையும் சேர்த்துக் கட்டியவற்றின் கீழ் குடும்பங்கள் மழையில் கிடந்ததைக் கண்டேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு கரையோரமெங்கும் வரிசையாக நின்ற கூடாரங்களைப் பற்றிச் செய்தி எழுதினேன். 2009இல் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் முட்கம்பிகளுக்குள் வைக்கப்பட்டபோது, 'கூடாரம்' என்ற சொல் எத்தனை தலைப்புகளில் என் கையால் போனது என்று எனக்கே கணக்கில்லை. எழுதியவன் மறந்துவிட்டான். உள்ளே இருந்தவருக்குப் படத்தைக் கண்ட அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது. ஐந்து பேருக்கான கூடாரத்தில் இரண்டு குடும்பங்கள், பகலில் உள்ளே இருக்க முடியாத வெக்கை, மழை வந்தால் கீழால் வரும் தண்ணீர், துணிச்சுவருக்கு அப்பால் யார் நிற்கிறார் என்று தெரியாத இரவு. இவ்வளவையும் அவர் என்னிடம் அன்று சொல்லவில்லை. வெவ்வேறு காலங்களில், கத்தரிக்காய் வெட்டிக்கொண்டோ சுளகு புடைத்துக்கொண்டோ சொன்னவை. நான்தான் அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கத் தவறியிருந்தேன்.

இங்கேதான் எனக்கு ஒரு விடயம் தெளிவானது. பந்தலும் கூடாரமும் ஒன்றல்ல. தமிழில் பந்தல் என்ற சொல்லுக்குச் சுவர் கிடையாது. கால் உண்டு, கூரை உண்டு, அவ்வளவே. கோவில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் என்கிறோம். யாரும் எந்தப் பக்கத்தாலும் நுழையலாம், எந்தப் பக்கத்தாலும் போகலாம். கலியாணத்திற்குக் கன்னிக்கால் ஊன்றுகிறோம். கன்னிச்சுவர் என்று எதையும் கட்டுவதில்லை. கூடாரமோ மூடுவது. மறைப்பதற்கும் அடைப்பதற்கும் வந்தது. நமது வாடகைக் கடைகள் ஆங்கிலச் சொல்லில் 'ஹட்' என்று அதனை அழைப்பது, கூடாரம் என்ற சொல் இந்த மண்ணில் எதைக் குறிக்கிறது என்பதை அவர்களும் உள்ளூர உணர்ந்திருப்பதனாலோ என்னவோ. பின்வளவு விருந்துக்கு வேண்டியது பந்தல். மேல்நாட்டில் கூடாரத்திற்குச் சுவர் வைப்பது குளிருக்காக. நமக்கு என்ன குளிர்?

நடைமுறையிலும் இதற்கு நியாயம் உண்டு. பக்கத்துணி கட்டிய கூடாரம் சோளகக் காற்றில் பாய்மரமாகும். திறந்திருந்தால் காற்று உள்ளே வந்து வெளியே போகும். சட்டத்தில் விழும் பாரம் குறையும், இருப்பவர்களுக்கு வெக்கையும் குறையும். வெயிலுக்கு மட்டும் ஒரு வழி பார்க்க வேண்டும். ஓகஸ்டில் பின்னேரம் நான்கு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஏழடி உயரக் கூரையின் நிழல் ஏறத்தாழப் பத்து அடி கிழக்கே போய் விழுகிறது. பத்துக்குப் பத்துக் கூடாரம் போட்டவர்கள் அந்த நேரத்தில் கூடாரத்தின் கீழே வெயிலில் இருப்பார்கள். நிழல் பக்கத்து வேலியில் இருக்கும். சிறிய பந்தல் எடுப்போர் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். நாங்கள் பந்தலை மாமரத்திற்குக் கிழக்கே, மரத்தின் நிழல் பந்தலுக்குள் வருமாறு போட்டோம். மேற்குப் பக்கத்தில் ஒரேயொரு துணியைச் சுருட்டி மேலே கட்டி வைக்கச் சொன்னேன், தேவையானால் இறக்குவதற்கு.

இருபதுக்கு இருபது, நான்கு பக்கமும் திறந்தது, வெள்ளையல்லாத மங்கலான மண்நிறத் துணி, சரிவான கூரை, நான்கு பரல்கள். தங்கைக்குச் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. "சின்னம்மாவுக்காகவோ?" என்று கேட்டாள். ஆம் என்றேன். "எனக்கு ஏன் அது தோன்றேல்லை" என்றாள். எனக்கும் தோன்றவில்லை என்பதை அவளுக்கு ஒப்புக்கொண்டேன்.

விருந்து நன்றாகவே நடந்தது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு இளையவர்கள் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு மாமரத்தின் கீழ்ப் போய்விட்டதால் அந்த 400 சதுர அடியும் அதிகம் என்று தோன்றியது. சின்னம்மா அம்மாவுக்குப் பக்கத்தில், பந்தலின் நடுவில் இருந்து சாப்பிட்டார். மேற்குத் துணியை இறக்க வேண்டி வரவில்லை. தங்கை எடுத்த படங்களில் பின்னணியில் கிணறும் வாளியும் கொடியில் காய்ந்த யாரோ ஒருவரின் சாரமும் தெரிகின்றன. மண்டபத்துப் படங்களைப் போல அவை இல்லை என்று சிலர் குறைபட்டதாகவும் அறிந்தேன்.

மறுநாள் காலை பந்தல்காரர் வந்து குழாய்களைக் கழற்றினார். பரல்களைச் சரித்துத் தண்ணீரை ஊற்றப்போனவரைச் சின்னம்மா தடுத்துவிட்டார். வாளியால் அள்ளிக் கத்தரிக் கன்றுகளுக்கு விட்டு முடியும்வரை அந்த மனிதர் கதிரைகளை எண்ணிக்கொண்டு ஒரு மணித்தியாலம் காத்திருக்க நேர்ந்தது.